சான்றாகும் மணியும் சான்றில்லாக் கைகளும்: சூதுபவள அணிகலன் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

எறணாகுளம் மாவட்டத்தின் ஆலுவாவில் பெரியாறு இரண்டாகப் பிரிகிறது. அவற்றுள் மங்கலப்புழை எனப்படும் கிளை வடமேற்காகச் சென்று, சாலக்குடி ஆற்றுடன் கலந்து, கொடுங்கல்லூருக்குத் தெற்கே முனம்பத்தில் கடலை அடைகிறது. அக்கழிமுகப் பகுதியில் வடக்குப் பறவூரை அடுத்துப் பட்டணம் என்னும் சிற்றூர் உள்ளது. மழை பெய்து மேல்மண் கரைந்தபின் அங்குச் சிறு மணிகள் வெளிப்படுவதை ஊரார் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 2004ஆம் ஆண்டில் நிகழ்ந்த மாதிரி அகழாய்வும், 2007 முதல் 2015 வரை கேரள வரலாற்று ஆய்வு மன்றம் மேற்கொண்ட தொடர் அகழாய்வுகளும் அவ்வூரை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தன. மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடித் துண்டுகளுடனும் கண்ணாடி மணிகளுடனும் அகேட், சூதுபவளம் முதலான கல்மணிகளும் அங்குக் கிடைத்தன. பட்டணமே பண்டைய முசிறி என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் சேரநாட்டுக் கடற்கரையில் கடல்கடந்த வணிகம் நிகழ்ந்த இடம் அது என்பதில் ஐயமில்லை.

இத்தகைய மணிகள் இதுவரை பெரிதும் வணிக வரலாற்றின் சான்றுகளாகவே நோக்கப்பட்டுள்ளன. அவை அறவியலுக்கும் சான்றாகத் தக்கவை. அணிகலனை அணிபவர் அதனை ஆக்கியவருக்குக் கடன்பட்டவரா? விலையைக் கொடுத்தபின்னும் அக்கடன் எஞ்சுமாயின் அதன் இயல்பு யாது? இவ்விரு வினாக்களையும் சூதுபவளத்தின் வரலாறு, குறியீடு, தொழில்முறை ஆகிய மூன்றையும் துணையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்லும் அதன் செந்நிறமும்

சூதுபவளம் பெயரளவிலேயே பவளம். பவளம் கடல்வாழ் உயிரினத்தின் எச்சம். சூதுபவளமோ நுண்படிகச் சிலிக்காவால் ஆன கல். அகேட் எனப்படும் பட்டைக்கல்லுக்கு உடன்பிறப்பு. அதன் செந்நிறத்திற்கு அதில் சிறிதளவே கலந்துள்ள இரும்புச் சேர்மம் காரணமாகும்.

இந்நிறம் பெரும்பாலும் தீயினால் பெறப்படுவது என்னும் செய்தி இங்கு நோக்கத்தக்கது. குசராத்தின் பரூச் மாவட்டத்தில் இரத்தன்பூர்ப் பகுதியில் தோண்டி எடுக்கப்படும் கற்கள் மஞ்சளாகவோ மங்கிய பழுப்பாகவோ இருக்கும். அவற்றை வெயிலில் நெடுநாள் உலர்த்தி, மண்கலங்களில் இட்டு, மெல்லிய சூட்டில் சுடுவர். வெப்பத்தால் கல்லிலுள்ள நீரேறிய இரும்புச் சேர்மம் நீரை இழந்து செந்நிற ஆக்சைடாக மாறுகிறது. சூடு மிகுந்தால் கல் வெடிக்கும். குறைந்தால் நிறம் ஏறாது. ஆதலின் ஒரே கல்லைப் பலமுறை சுடுதலும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணூரில் போர்ச்சுக்கீசிய எழுத்தராகப் பணியாற்றிய துவார்த்தே பார்போசா, குசராத்தின் சூதுபவளத் தொழிலைப் பற்றி எழுதுமிடத்து, அக்கல் நெருப்பிலிட்டு மேலும் சிவப்பாக்கப்படுவதைக் குறித்துள்ளார். கேரளக் கரையில் வாழ்ந்த ஒருவர் இம்முறையை அறிந்து எழுதியமை, அக்கல் மேலைக் கடற்கரை நெடுகப் பழகிய வணிகப்பொருளாக இருந்ததைப் புலப்படுத்துகிறது.

பண்பாடுகள் பலவும் சூதுபவளத்தின் சிவப்பைக் குருதியாகவும் உயிராகவும் ஞாயிறாகவும் கண்டன. அச்சிவப்பு கல்லின் பிறவிக் குணம் என்றே அணிந்தோர் கருதினர். உண்மையில் உலையருகே அமர்ந்து சூட்டின் அளவைக் கண்ணால் கணித்த ஒருவரின் அறிவே அந்நிறத்தில் பெரும்பங்கு கொண்டுள்ளது. இயற்கையின் கொடை எனப் போற்றப்படுவதில் உழைப்பின் கூறு மறைந்து நிற்பதை இக்கல்லின் நிறமே முதலில் உணர்த்துகிறது எனலாம்.

முத்திரையும் பெயரும்

சூதுபவளத்தின் குறியீட்டு வரலாற்றில் இரு பொருள்கள் தொடர்ந்து காணப்படுகின்றன. ஒன்று காவல், மற்றொன்று சான்று.

காவல் என்னும் பொருள் பழமையானது. எகிப்தியர் சூதுபவளத்தையும் பிற செந்நிறக் கற்களையும் இறந்தோர் உடலுடன் வைக்கும் காப்பணிகளாகச் செதுக்கினர். மெசப்பொத்தேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளில், ஏறத்தாழ கி.மு. 2500ஐச் சார்ந்த அடுக்குகளில், சிந்துவெளி வகையைச் சேர்ந்த நீண்ட சூதுபவள மணிகளும் வெண்கோடு தீட்டிய மணிகளும் கிடைத்துள்ளன. கொங்குநாட்டில் நொய்யல் ஆற்றின் கரையிலுள்ள கொடுமணல் பெருங்கற்கால ஈமச்சின்னம் ஒன்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இடப்பட்டிருந்தன. வாழ்வோர் அணியத்தக்க பெருஞ்செல்வத்தை மண்ணுள் இட்டமை, அம்மணிகள் விலைக்கு அப்பாற்பட்ட பொருளையும் தாங்கியிருந்தன என்பதைக் காட்டும்.

சான்று என்னும் பொருள் முத்திரை வழியாக வளர்ந்தது. உரோமானியர் முத்திரை மோதிரங்களுக்குச் சூதுபவளத்தையும் அதன் இனக் கற்களையும் பெரிதும் விரும்பினர். சூதுபவளமும் வெண்பட்டையும் அடுக்கிய சார்டோனிக்சு என்னும் கல், பதிக்கும்போது மெழுகைத் தன்னோடு இழுத்துக்கொள்வதில்லை என்று பிளினி தம் இயற்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். ஒருவரின் சொல் அவருடையதுதான் என்று அவர் இல்லாத இடத்தில் உறுதி கூறுவது முத்திரை. அகசுத்தசு பேரரசர் தொடக்கத்தில் இசுபிங்சு உருவம் பொறித்த முத்திரையைப் பயன்படுத்தினார் என்பதும் பிளினி தரும் செய்தியே. 2020இல் பட்டணத்தில் பட்டை அகேட்டில் இசுபிங்சு உருவம் செதுக்கிய முத்திரைக்கல் ஒன்று கிடைத்ததாக அகழாய்வாளர் அறிவித்தபோது அது பெரிதும் பேசப்பட்டதற்கு இப்பின்னணியே காரணம்.

சமயமரபுகளிலும் இப்பொருள் தொடர்கிறது. விவிலியத்தின் விடுதலைப்பயண நூல் 28ஆம் அதிகாரம், தலைமைக் குருவின் மார்புப் பதக்கத்தில் பதிக்கவேண்டிய பன்னிரு கற்களைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவதான செந்நிறக்கல் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் சார்டியன், அதாவது சூதுபவளம், என ஆளப்பட்டுள்ளது. முத்திரை வெட்டுவதுபோல அக்கற்களில் பன்னிரு குலங்களின் பெயர்களும் பொறிக்கப்படவேண்டும் என்பது விதி. கொடுங்கல்லூரிலிருந்து இடம்பெயர்ந்து கொச்சியில் குடியேறி, மட்டாஞ்சேரியில் 1568இல் பரதேசி வழிபாட்டுக்கூடத்தை எழுப்பிய யூதமக்கள் இப்பகுதியை ஆண்டுதோறும் ஓதிவந்தவர்கள். இசுலாமிய மரபில் அகீக் எனப்படும் இக்கல் பதித்த வெள்ளி மோதிரம் மதிப்புடையது. இறைப்பெயர்கள் அதில் பொறிக்கப்படுவதும் உண்டு.

இவை அனைத்திலும் ஒரு பொதுமை காணப்படுகிறது. அரசன், குலம், இறைவன் எனப் பெயர்கள் சூதுபவளத்தில் நிலைபெற்றுள்ளன. வெட்டியவரின் பெயரைப் பொறித்த கிரேக்க, உரோமானியக் கற்கள் சில உண்டு எனினும் அவை விதிவிலக்குகளே. பிறர் பெயருக்கும் சொல்லுக்கும் சான்றாக நின்ற கல், தன்னை ஆக்கியவரைப் பற்றிப் பெரும்பாலும் எதுவும் கூறுவதில்லை.

தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் கிடைத்த பொற்கொல்லரின் உரைகல் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு எழுத்தமைதியில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழில் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. கடல்கடந்து சென்ற ஒரு தமிழ்த் தொழிலாளியின் பெயர் நமக்கு எட்டியுள்ளது. எனினும் அப்பெயர் அவர் ஆக்கிய அணியில் இல்லை. அவர் கையாண்ட கருவியிலேயே உள்ளது. கொடுமணலிலும் இதே நிலையே. அங்குத் தமிழ்ப் பிராமியில் ஆட்பெயர்கள் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. ஆயிரக்கணக்கான மணிகளில் பெயரில்லை. தொழிலாளி தன் உடைமையில் பெயர் எழுதினார். தன் ஆக்கம் தன் உடைமை அன்றாதலின் அதில் எழுதவில்லை போலும்.

மதிப்பு பிறக்கும் இடம்

சூதுபவளத்தின் மதிப்பு எங்கே பிறக்கிறது என்னும் வினாவுக்குப் பிளினியின் மற்றொரு குறிப்பு உதவுகிறது. இந்தியச் சார்டோனிக்சு கற்களைப் பற்றிக் கூறுகையில், அவை இந்தியரிடம் பெருமதிப்புப் பெறவில்லை என்றும், எளிய மக்களும் அவற்றைத் துளையிட்டுக் கழுத்தில் அணிவர் என்றும், அத்துளையே கல் இந்தியாவிலிருந்து வந்ததற்கு அடையாளமாகக் கொள்ளப்படுகிறது என்றும் அவர் எழுதுகிறார். ஓரிடத்தில் எளியோர் கழுத்தில் கிடந்த கல், மற்றோரிடத்தில் பேரரசின் முத்திரையாகிறது. கல் மாறவில்லை, கடலும் தொலைவும் அதன் விலையை மாற்றின. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த செங்கடற் பயண நூல், முசிறிப் பகுதியின் ஏற்றுமதிகளுள் ஒளிபுகும் கற்களைக் குறிப்பதும், உச்சயினியிலிருந்து பட்டைக்கற்கள் பரூச் துறைக்கு வந்தமையைக் கூறுவதும் இம்மாற்றத்தின் வழித்தடங்களைக் காட்டுகின்றன.

ஆகவே அணிகலனின் விலையை அருமையும் தொலைவும் விருப்பமும் தீர்மானிக்கின்றன. இவற்றுள் எதுவும் ஆக்கியவரின் உழைப்பை நேரடியாக அளப்பதில்லை. மனிதருக்கிடையிலான உறவு பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோற்றமளிப்பதைக் காரல் மார்க்சு 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதல் தொகுதியில் விளக்கினார். சூதுபவள மாலையை வாங்குபவர் கல்லுக்கும் காசுக்கும் உள்ள உறவை மட்டுமே காண்கிறார். கல்லைச் சுட்டவரும் கொத்தியவரும் துளைத்தவரும் அவ்வுறவின் பின்னே மறைந்துவிடுகின்றனர்.

தமிழ் இலக்கியமும் இம்மறைவைப் பதிவுசெய்துள்ளது. புறநானூற்றின் 218ஆம் பாடலில் கண்ணகனார், பொன்னும் பவளமும் முத்தும் மணியும் வெவ்வேறிடங்களில் பிறந்தும் ஒரே அணியில் வந்து கூடுவதைச் சான்றோர் சான்றோரைச் சேர்வதற்கு உவமையாக்குகிறார். கோப்பெருஞ்சோழனுக்கும் பிசிராந்தையாருக்கும் இடையிலான நட்பை விளக்க இதனினும் பொருத்தமான உவமை அரிது. எனினும் அங்குப் பொருள்கள் தாமே வந்து கூடியனபோல் தோன்றுகின்றன. கோத்த கை பாடலின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அகநானூற்றின் 149ஆம் பாடல் பேரியாற்றின் நுரை சிதற யவனர் மரக்கலங்கள் முசிறிக்கு வந்து பொன்னுக்கு மிளகு பெற்றதைக் கூறுகிறது. பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்கள் கொடுமணத்தின் நல்ல அணிகலன்களைப் புகழ்கின்றன. புகழ் ஊருக்கும் அரசனுக்கும் சேர்கிறது. இது புலவர்தம் குறையன்று. புரவலனைப் பாடும் இலக்கிய வகையின் எல்லை எனக் கொள்வதே பொருந்தும்.

குயினர்: துளையிட்ட கைகள்

மதுரைக்காஞ்சி இவ்வெல்லையைச் சற்றுக் கடக்கிறது. மதுரையின் அங்காடித் தெருவில் நின்ற தொழிலாளரை வரிசைப்படுத்தும் மாங்குடி மருதனார், சங்கறுப்போருடன் மணி குயினரையும் கூறுகிறார். குயிலுதல் என்பது துளையிடுதல். மணியைக் கண்டெடுத்தவர், விற்றவர், அணிந்தவர் எனப் பலர் இருக்க, துளையிடுதலைக் கொண்டே அத்தொழிலாளர் பெயர்பெற்றமை சிந்திக்கத்தக்கது. கல் மணியாவது துளையினால்தான். துளை இல்லையேல் கோவை இல்லை. கோவை இல்லையேல் மாலை இல்லை.

அத்துளை எளிதில் அமைவதன்று. சூதுபவளம் எஃகுக் கத்தியால் கீற இயலாத கடினம் உடையது. சிந்துவெளி நீள்மணிகளைத் துளையிட்ட முறையை அமெரிக்கத் தொல்லியலாளர் மார்க் கெனோயர் செய்துபார்த்து ஆராய்ந்தார். அக்காலக் கற்றுளைப்பான் கொண்டு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டரே துளைக்க முடிந்தது. நீண்ட மணி ஒன்றுக்குத் துளையிட மட்டும் மூன்று முதல் எட்டு நாட்கள் வரை தேவைப்படும் என அவர் கணக்கிட்டார். பிற்காலத்தில் வைரத்துணுக்குப் பதித்த வில்துளைப்பான் இவ்வேலையை விரைவாக்கியது. எனினும் ஒருபக்கம் பாதிவரை துளைத்து, மறுபக்கம் திருப்பி, இரு துளைகளும் நடுவில் நேராகச் சந்திக்கச் செய்யும் நுட்பம் கைக்கும் கண்ணுக்கும் உரியதாகவே நீடித்தது. தமிழில் கல்லுக்கும் காலக்கூறுக்கும் மணி என்னும் சொல்லே வழங்குகிறது. அவ்வழக்கு தற்செயலானதே. ஆயினும் ஒரு மணியினுள் பல மணிகளின் உழைப்பு அடங்கியுள்ளது என்பது கணக்கிட்டுக் காட்டத்தக்க உண்மையாகும்.

மாலை கழுத்தில் விளங்கும்போது துளையைக் காண இயலாது. நூல் அதனை நிரப்பிவிடும். கல்லின் நிறமும் மெருகும் அணிபவருக்குப் புலப்படுவன. துளையோ உழைப்பின் ஆழமான பதிவாக இருந்தும் புலப்படாதது.

கம்பாத்தும் கல்தூசியும்

சூதுபவளத் தொழில் இன்றும் உயிருடன் உள்ளது. குசராத்தின் ஆனந்த் மாவட்டத்திலுள்ள கம்பாத் அதன் முதன்மையான மையம். அவ்வளைகுடாவின் கரையை ஒட்டிய பகுதியிலேயே சிந்துவெளிக் காலத்து மணித்தொழிற்கூடம் வெளிப்பட்ட லோத்தலும் அமைந்துள்ளது. சுரங்கம் உள்ள இரத்தன்பூருக்கு அருகிலுள்ள குன்றில் பாவா கோர் என்னும் ஆப்பிரிக்க வழிவந்த இசுலாமிய ஞானியின் அடக்கத்தலம் இருக்கிறது. சித்தி மக்களின் புனித இடமான அதனை அகேட் தொழிலோடு இணைத்துப் பேசும் மரபு உண்டு. கொத்துவோர் கூரிய இரும்பு முனையில் கல்லை வைத்து எருமைக்கொம்புத் தலையுடைய சுத்தியலால் தட்டி வடிவம் கொடுப்பர். பின்னர் சாணைபிடித்தல், துளையிடுதல், மெருகேற்றுதல் என வேலைகள் வெவ்வேறு கைகளுக்குப் பிரிந்து செல்கின்றன.

இவற்றுள் சாணைபிடித்தலே கொடியது. மின்விசையால் சுழலும் சாணைக்கல்லில் கல்லை அழுத்தும்போது நுண்ணிய சிலிக்கா தூசி எழுகிறது. கல் பெரும்பாலும் சிலிக்காவே ஆதலின் தூசியும் அதுவே. மூச்சுடன் நுரையீரலை அடையும் அத்தூசி அங்குத் தழும்புகளை உண்டாக்குகிறது. சிலிக்கோசிசு எனப்படும் இந்நோயை முற்றும் குணப்படுத்தும் மருந்தில்லை. தூசியிலிருந்து விலகியபின்னும் நோய் முற்றலாம். காசநோய் பற்றும் வாய்ப்பும் மிகுதி. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் கம்பாத்தின் அகேட் தொழிலாளரிடையே ஆய்வுகள் நிகழ்த்தி இந்நோயைப் பதிவுசெய்துள்ளது. தூசியை உறிஞ்சும் கருவியையும் உருவாக்கியது. சாணைபிடித்தல் பெரும்பாலும் வீடுகளில் நடைபெறுவதால், தொழிலில் ஈடுபடாத குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும்கூட அத்தூசியைச் சுவாசிக்கின்றனர்.

சான்று என்னும் பொருள் இங்கு மீண்டும் எழுகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிசை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்தது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும் அதனைத் தொழில்சார் நோயாக ஏற்றது. எனினும் இழப்பீடு கோருபவர் தாம் ஒருவரிடம் வேலை செய்தமையை நிறுவவேண்டும். வீட்டில் அமர்ந்து, துண்டுக்கு இவ்வளவு என்று கூலிபெறுபவரிடம் வேலையாணை இல்லை; வருகைப் பதிவேடு இல்லை; ஊதியச் சீட்டு இல்லை. கல்லைக் கொடுத்தவரும் மணியைப் பெற்றுச் சென்றவரும் எவ்விடத்தும் கையெழுத்திட்டிருப்பதில்லை. பேரரசரின் ஆணைகளுக்குச் சான்றாக நின்ற கல்லை ஆக்கும் தொழிலாளியிடம், தான் அதனை ஆக்கினேன் என்பதற்கு ஏட்டுச் சான்று இல்லை. அவருக்கு எஞ்சிய ஒரே சான்று அவரது நுரையீரல். 2011இல் தேசிய மனித உரிமை ஆணையம் சிலிக்கோசிசு குறித்து நாடாளுமன்றத்திற்குச் சிறப்பறிக்கை அளித்தது. 2019இல் இராசத்தான் அரசு இத்தகைய தூசிநோய்களுக்கெனத் தனிக்கொள்கை வகுத்து, மருத்துவக்குழுவின் சான்றை அடிப்படையாகக் கொண்டு உதவி வழங்கத் தொடங்கியது. உடலே சான்றாக ஏற்கப்படும் நிலை வரவேற்கத்தக்கது. ஆயினும் உடல் அழிந்தபின்னரே அச்சான்று முழுமை பெறுகிறது என்பதை மறத்தலாகாது.

பண்டைய மணி குயினரும் இவ்வாறே நோயுற்றனர் என்று மணிகளைக் கொண்டு முடிவுசெய்தல் ஆய்வுநெறி ஆகாது. வில்துளைப்பானும் கைச்சாணையும் எழுப்பும் தூசியின் அளவு வேறு. மின்சாணை எழுப்புவது வேறு. கல்லின் இயைபு மட்டும் மாறவில்லை. எனவே கம்பாத்தின் செய்தி பட்டணத்திற்கும் கொடுமணலுக்கும் விடையாகாது. அங்கும் எழுப்பவேண்டிய வினாவை அது கற்பிக்கிறது.

மறுப்புகளும் அவற்றின் தகுதியும்

அணிபவருக்குக் கடன் உண்டு என்னும் கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

முதலாவது, விலை கொடுத்தவுடன் உறவு முடிகிறது என்பது. இருவர் மனமொப்பிச் செய்த பரிமாற்றத்தில் மூன்றாமவர்க்கு இடமில்லை என்பர். இது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே பொருந்தும். ஆக்கியவர் அப்பரிமாற்றத்தில் கலந்துகொள்ளவே இல்லை. கொடுத்த விலையில் அவர் இழந்த மூச்சு கணக்கிடப்படவும் இல்லை. கணக்கில் சேராத ஒன்று தீர்க்கப்பட்டுவிட்டது என்று கூற இயலாது.

இரண்டாவது, அறியாமல் அணிந்தவர் குற்றவாளி அல்லர் என்பது. இது ஏற்கத்தக்கதே. எனினும் குற்றமும் பொறுப்பும் ஒன்றல்ல. தீங்கு விளைத்தவருக்குக் குற்றம் உண்டு. தீங்கின் பயனைத் துய்ப்பவருக்குக் குற்றம் இல்லாவிடினும், அறிந்த கணம்முதல் பொறுப்பு உண்டாகிறது. அறியும் வாய்ப்பு இருந்தும் அறிய மறுப்பவரின் அறியாமை தூய்மையானதன்று.

மூன்றாவது மறுப்பு வலிமை மிக்கது. இரக்கம் கொண்டு மணிகளை வாங்காது விட்டால், தொழிலாளி நோயிலிருந்து தப்பிப் பசியில் வீழ்வார் என்பது அது. அணிகலனைத் துறக்கச் சொல்லும் அறம் அணிந்தவரின் மனத்தைத் தூய்மையாக்கலாம். உழைத்தவரின் உலையில் அரிசி இடாது. ஆதலின் துறவு இவ்வினாவுக்கு முழு விடையாகாது. நீர்தெளித்துச் சாணைபிடித்தல், தூசி உறிஞ்சும் கருவி, வீட்டிலிருந்து பிரிந்த பணிக்கூடம், தொழிலாளியின் பெயரை எழுதும் பதிவேடு ஆகியவை செய்யக்கூடியவை. அவற்றின் செலவை யார் ஏற்பது என்பதே சிக்கல். நீண்ட வணிகத் தொடரில் மிகுதியான பயனைப் பெறுவோர் வணிகரும் அணிபவருமே ஆதலின், அச்செலவு அவர்களைச் சார்வதே முறையாகும்.

ஆராயாமை என்னும் குற்றம்

தமிழ் அறமரபில் அணிகலன் குறித்த சிந்தனை இருவகைப்படும். ஒருவகை, புறத்தணியினும் அகத்தணியை உயர்த்துவது. திருக்குறள் இனியவை கூறல் அதிகாரத்தில் அணி என்னும் சொல்லையே பணிவுக்கும் இன்சொல்லுக்கும் உரியதாக்குகிறது. இம்மரபு அணிபவரின் பண்பைப் பேசுகிறது. ஆக்கியவரைப் பற்றிய வினா அதன் நோக்கத்துள் அடங்கவில்லை.

மற்றொரு வகையைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அக்காப்பியத்தின் நடுவே நிற்பது ஓர் அணிகலன். பாண்டியன் கொடியவனாகக் காட்டப்படவில்லை. பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டு, சிலம்பினுள் இருப்பது யாதென ஆராயாமல் ஆணையிட்டான். அதுவே அவன் பிழை. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். புறத்தே ஒத்திருந்த இரண்டும் அகத்தே வேறுபட்டன. சிலம்பு உடைந்தபோது அதனுள் இருந்த கல் சான்று கூறியது. கோவலனின் உயிர் அதற்குமுன் போயிருந்தது.

இக்கதை சேரநாட்டு இளவரசர் ஒருவரால் இயற்றப்பட்டது என்பது மரபு. கண்ணகி வழிபாட்டுடன் இணைத்துப் பேசப்படும் கொடுங்கல்லூர், முன்னர்க் கூறிய பட்டணத்திற்கு அண்மையில் உள்ளது. அணிகலனை வெளித்தோற்றம் கொண்டு மதித்து, அதன் உள்ளே இருப்பதை ஆராயாதுவிடின் அநீதி நிகழும் என்னும் கருத்தைச் சூதுபவளத்திற்கும் பொருத்தலாம். மணியின் உள்ளே இருப்பது துளை. அத்துளையை இட்டவர் யார், எத்தகைய இடத்தில், எத்தகைய காற்றைச் சுவாசித்து இட்டார் என்று கேளாமையே அணிபவரின் பிழை. ஆடம்பரமோ அழகின்மீது கொண்ட விருப்பமோ இங்குக் குற்றமன்று. அழகை விரும்புவது மனித இயல்பு. கொடுமணல் கல்லறைகள்முதல் மட்டாஞ்சேரி யூதத்தெருவின் பழம்பொருள் கடைகள்வரை அதற்குச் சான்றுகள் உள்ளன. குற்றம் ஆராயாமையில் உள்ளது. எனவே விலைக்குப்பின் எஞ்சும் கடன் முதற்கண் கேட்டறியும் கடன் ஆகும். பணிக்கூடத்தின் செலவை ஏற்றலும், தொழிலாளியின் பெயரைப் பதிதலும், தூசியை அடக்கலும் அதன் தொடர்ச்சிகள்.

இக்கடன் ஆய்வாளரையும் சாரும். அகழாய்வு அறிக்கைகள் மணிகளை எண்ணிக்கை, வடிவம், மூலப்பொருள் என வகைப்படுத்துகின்றன. இலக்கிய ஆய்வுகள் அவற்றைக் கொண்டு தமிழர்தம் கடல்வணிகப் பெருமையை நிறுவுகின்றன. கீழடியில் சூதுபவள மணிகள் வெளிப்பட்டபோதும் பேச்சு பெரும்பாலும் காலப்பழமையையும் வணிகத்தொடர்பையும் சுற்றியே அமைந்தது. இவை தேவையானவையே. எனினும் பெருமிதத்திற்குச் சான்றாக மணியை அழைக்கும் ஆய்வு, அதே மணியை உழைப்புக்குச் சான்றாக அழைக்காதுவிடின், பாண்டியன் அவையில் நிகழ்ந்த பிழையையே ஏட்டில் மீண்டும் செய்கிறது.

முடிவுரை

சூதுபவளத்தின் செந்நிறம் பெரும்பாலும் தீயும் கைத்திறனும் சேர்ந்து ஆக்கியது. அதன் குறியீட்டுப் பொருள்களுள் சான்று என்பது முதன்மையானது. ஆயின் அச்சான்று அரசர்க்கும் குலத்திற்கும் இறைப்பெயருக்கும் பயன்பட்ட அளவிற்கு அதனை ஆக்கியோர்க்குப் பயன்படவில்லை. கல்லின் விலை தொலைவாலும் விருப்பத்தாலும் அமைவதால், விலையைக் கொடுத்தல் உழைத்தவருக்குரிய கடனை முழுமையாகத் தீர்ப்பதாகாது. அக்கடனின் முதற்படி ஆராய்தல். ஆராயாமை தமிழ்க் காப்பிய மரபு ஏற்கனவே இனங்கண்டு கூறிய அறப்பிழை.

இவ்வடிப்படையில் மணித்தொழில் ஆய்வு மேலும் விரிவுபெற இடமுண்டு. தொழிற்சொற்களைத் தொகுத்தல், துளைகளின் தடங்களைக் கொண்டு உழைப்புக்காலத்தைக் கணித்தல், வாழும் தொழிலாளரின் அறிவையும் நோயையும் அவர்தம் சொற்களிலேயே பதிவுசெய்தல் ஆகியவை தமிழியலும் தொல்லியலும் மருத்துவமும் கூடிச் செய்யவேண்டியவை. அருங்காட்சியகப் பேழைகளில் மணியின் காலத்தையும் கல்லின் பெயரையும் தரும் குறிப்புச்சீட்டுகள், அதன் துளைக்கு எத்தனை நாட்கள் தேவைப்பட்டன என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக் கூறலாம். பட்டணத்து மண்ணில் கிடைத்த மணியைக் காண வருபவர், மதுரைக்காஞ்சி பெயர்சுட்டிய குயினரையும் அதன்வழி அறிந்து செல்வர்.